மூன்று கால் காட்டெருமை

சில்லறையை எண்ணும்போது விசித்திரமான ஒரு நாணயம் கையில் அகப்படுவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஒரு ரூபாய்க் காசில் எழுத்துகளில் பாதியைக் காணோம். இரண்டு ரூபாயில் உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மற்ற பக்கம் மொட்டையாகக் கிடக்கிறது. இன்னொன்றின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டையே காணவில்லை. நாணயச்சாலையிலேயே நேர்ந்த பிழையா, வெளியே வந்தபின் யாரோ அரமும் சுத்தியலும் கொண்டு பார்த்த வேலையா? முதலாவது என்றால் 'எரர் காயின்' என்று சொல்லிச் சேகரிப்பாளர்கள் முகமதிப்பைப் போலப் பல மடங்கு கொடுப்பார்கள். இரண்டாவது என்றால் பஸ் கண்டக்டர்கூட 'வேற காசு குடுங்க' என்று திருப்பித் தந்துவிடுவார்.

அந்தக் காசு அச்சானபோது நாம் யாரும் பக்கத்தில் இல்லை. பார்த்த சாட்சியும் இல்லை. ஆனாலும் பெரும்பாலான காசுகளைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடிகிறது. உலோகம் காற்றில் கரைந்துவிடாது என்பதே காரணம். அது நகரும், நசுங்கும், வெட்டுப்படும், தேயும். ஒவ்வொன்றும் தனக்கே உரிய தடத்தை விட்டுப்போகும். இந்த இடத்தில் இருக்க வேண்டிய உலோகம் எங்கே போயிற்று, காசு அச்சாவதற்கு முன் போயிற்றா பின் போயிற்றா என்ற இரண்டு கேள்விகளை விடாமல் கேட்டுக்கொண்டே போனால் போதும்.

அதற்கு முதலில் காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். இந்தியாவில் நாணயம் அடிக்கும் சாலைகள் நான்கு. காசில் ஆண்டு எண்ணுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சிறு புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. எந்தச் சாலையானாலும் வேலை ஒன்றுதான். நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெற்று வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். அவற்றை ஒரு காடிக்குள் உருட்டி, ஓரத்தை நெருக்கி மேலெழச் செய்வார்கள். காசின் விளிம்புக்கு அடித்தளம் இதுதான். பிறகு சூளையில் காய்ச்சி மென்மையாக்கி, கழுவி உலர்த்தி, அச்சு இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் 'காலர்' என்கிற எஃகு வளையம். பல பத்து டன் விசையில் இரண்டு அச்சுகளும் வில்லையை நெருக்கும். உருகாமல், குளிர்ந்த நிலையிலேயே உலோகம் நகர்ந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏறும். பக்கவாட்டில் பிதுங்கப் பார்ப்பதைக் காலர் தடுத்து நிறுத்தும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் இந்த வேலையை நவீன இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்கிறது.

ஆக, நாணயச்சாலையில் பிழை நேர இடம் மூன்றே: வில்லை, அச்சு, அடி. உண்மையான எரர் காயின் எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றைக் காட்டி, 'இங்கே, இப்படித்தான் ஆயிற்று' என்று விளக்க முடிய வேண்டும். விளக்க முடியாவிட்டால், காசு எவ்வளவு அபூர்வமாகத் தோன்றினாலும், அது வெளியே பட்ட அடியாகத்தான் இருக்கும். சேகரிப்பில் புதிதாக இறங்குபவர்கள் படங்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த இயந்திரத்தைப் புரிந்துகொள்வது பல மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். படத்தில் இல்லாத பிழை நாளைக்கே ஒன்று வரலாம். இயந்திரத்தால் செய்ய முடியாத பிழை ஒருநாளும் வராது.

கொழுக்கட்டை அச்சைக் கவனித்திருப்பீர்கள். அச்சின் உள்பக்கம் கத்தி பட்டு ஒரு கீறல் விழுந்துவிட்டால், அதற்குப்பின் பிடிக்கும் கொழுக்கட்டை ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் மெல்லிய மேடாக ஒரு கோடு எழும். மாவின் மேல் நகம் பட்டால், அந்த ஒரு கொழுக்கட்டையில் மட்டும் பள்ளமாகக் கோடு விழும். அச்சில் நேர்ந்த பிழையை அறிய இந்த ஒரு பாகுபாடே பாதி வழி காட்டிவிடும். அச்சில் விரிசல் விட்டால் காசில் மேடான கோடு எழும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்தால் அந்தக் குழிக்குள் உலோகம் ஏறி, காசின் விளிம்போடு ஒட்டிய மொட்டை மேடாக நிற்கும். காசில் நாம் காணும் கோடு உள்ளே பதிந்த பள்ளமாக இருந்து, பக்கத்தில் சற்றே வரப்பும் தள்ளியிருந்தால், அது அநேகமாக ஆணியோ சாவியோ உழுத கோடு. விரல்நுனியால் தடவியோ, விளக்கொளியைச் சாய்வாக விழவிட்டோ, மேடா பள்ளமா என்று தீர்மானித்துவிடலாம். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

மேடு நல்லது, பள்ளம் கெட்டது என்று இதை முரட்டு விதியாக்கிவிடக் கூடாது. அச்சில் கிரீஸும் தூசியும் சேர்ந்து ஓர் எழுத்தின் பள்ளத்தை அடைத்துவிட்டால், அங்கே உலோகம் ஏறுவதில்லை. காசில் எழுத்து மங்கும் அல்லது மறையும். இது உண்மையான நாணயச்சாலைப் பிழை. ஆனால் எழுத்து இல்லாத அந்த இடம் சுற்றியுள்ள தளத்தின் மட்டத்திலேயே, அதே பளபளப்போடு இருக்கும். சுரண்டி எடுத்த எழுத்தானால் அங்கே இழை இழையாகக் கீறல்களும், தளத்தைவிடச் சற்றே தாழ்ந்த ஒரு சரிவும் தெரியும்.

அந்தப் பளபளப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடி விழும் கணத்தில் உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நகர்கிறது அல்லவா? அந்த நகர்ச்சி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஆரக் கோடுகளாகக் காசின் மேல்தோலில் தங்கிவிடுகிறது. புழங்காத புதுக் காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்துத் திருப்பினால் ஒளிக்கீற்று ஒன்று நடுவிலிருந்து புறப்பட்டுச் சுற்றிச் சுற்றி வரும். அது வெறும் மினுமினுப்பு அல்ல. அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். பிழை இருக்கும் இடத்திலும் ஒளிக்கீற்று தடையில்லாமல் ஓடினால், அந்தப் பிழை அடியோடு கூடவே பிறந்தது என்று நம்பலாம். அங்கே வந்ததும் சட்டென்று அறுந்து, செத்த சாம்பல் நிறம் தெரிந்தால், அடிக்குப் பிறகு ஏதோ ஒன்று அந்தத் தோலைத் தொட்டிருக்கிறது.

பிறைத் துண்டு இல்லாத காசுக்கு வருவோம். தகடு சரியாக முன்னே நகராமல் போனால், ஏற்கெனவே வட்டம் வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வட்டமும் பாதி விழும். வில்லையில் பிறை வடிவக் குறை அப்படித்தான் உண்டாகிறது. இதை வீட்டில் அரத்தால் செய்வது மிக எளிது; அதனால் போலிகளும் அதிகம். கண்டுபிடிக்க வேண்டுமானால் குறை உள்ள இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது, நேர் எதிர்ப் பக்கத்துக்குப் போக வேண்டும். வில்லையைக் காடிக்குள் உருட்டி ஓரத்தை நெருக்கும்போது இரு எதிர்ப் புள்ளிகளும் ஒன்றையொன்று அழுத்துகின்றன. ஒரு பக்கம் பிறையாக வெறுமையாக இருந்தால் அங்கே அழுத்தம் கிடைக்காது. அழுத்தம் இல்லாததால் எதிர்ப் பக்க ஓரமும் சரியாக எழும்பாது. ஆகவே உண்மையான பிறைக் காசில் குறைக்கு நேர் எதிரே விளிம்பு மங்கி, கிட்டத்தட்ட மறைந்தே இருக்கும். சேகரிப்பாளர்கள் இதைப் 'பிளேக்ஸ்லி விளைவு' என்பார்கள். குறைக்கு அருகிலுள்ள எழுத்துகளும் வெற்றிடத்தை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்கும், ஏனென்றால் அச்சின் கீழ் நெருக்கப்பட்ட உலோகத்துக்கு அந்தப் பக்கம் நகர வழி இருந்தது. அரம் போட்ட காசில் எழுத்து கத்தரித்தாற்போல் நடுவில் நிற்கும், எதிர் விளிம்பு குறைவே இல்லாமல் இருக்கும். எல்லாக் காசிலும் இந்த விளைவு தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. தெரிந்தால் அது பலமான சான்று.

உருவம் ஒதுங்கிய காசுக்குத் தராசு உதவும். வில்லை காலருக்குள் சரியாக இறங்காமல் அரைகுறையாக நின்றபோது அடி விழுந்தால் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கும், காசு வட்டம் தப்பிச் சற்று விரியும். ஆனால் உலோகம் எங்கும் போகவில்லை, ஆகவே எடை குறையக் கூடாது. 1992 முதல் பல ஆண்டுகள் வந்த 25 மில்லிமீட்டர் ஒரு ரூபாய் எஃகுக் காசின் எடை 4.85 கிராம், உருவம் எவ்வளவு ஒதுங்கியிருந்தாலும் தராசு ஏறத்தாழ அதையே காட்ட வேண்டும். மொட்டைப் பகுதியைத் தேய்த்து உண்டாக்கியிருந்தால் தேய்ந்த அளவுக்கு எடை குறைந்திருக்கும். அதே ரூபாயின் அச்சில் தவறுதலாக ஐம்பது பைசா வில்லை நுழைந்திருந்தால், ஓரத்து எழுத்துகள் விழ இடமில்லாமல் காசு சிறுத்திருக்கும், எடை 3.79 கிராம் இருக்கும், ஏனென்றால் அப்போதைய ஐம்பது பைசாவின் எடை அது. அரத்தால் சுற்றிலும் தேய்த்த ரூபாய், அந்தக் காலத்து எந்த வில்லையோடும் பொருந்தாத ஏதோ ஓர் எடையில் நிற்கும். தண்டவாளத்தில் காசு வைத்து ரயில் ஏறவிட்டு விளையாடியவர்களுக்கு அதன் கோலம் தெரியும்: எடை குறையாது, ஆனால் உருவம் மழுங்கி வழிந்திருக்கும். காலர் இல்லாமல் அடிபட்டு விரிந்த காசிலோ நடு உருவம் கூர்மை குன்றாமல் நிற்கும். இங்கே விரியச் செய்தது அச்சு, அங்கே சக்கரம்.

அமெரிக்காவின் 1943 ஒரு சென்ட் காசு இந்தத் தராசு முறைக்குப் பேர்போன உதாரணம். போருக்குத் தாமிரம் தேவைப்பட்டதால் அந்த ஒரு வருடம் மட்டும் துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். (அதே போர்க்காலத்தில்தான் நம்மூரில் ஓட்டைக் காலணா வந்தது; அதன் ஓட்டை பிழையல்ல, வடிவமைப்பு. துளையைச் சுற்றியே உருவத்தை அமைத்திருப்பார்கள். குழந்தையின் அரைஞாணில் கோக்கத் துளையிட்ட காசில் துளை உருவத்தையே கிழித்துக்கொண்டு போகும்.) முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில எங்கோ சிக்கியிருந்து 1943 அச்சுக்குள் நுழைந்துவிட்டன. அப்படிப் பிறந்தவற்றில் இன்று அறியப்பட்டவை சில பத்துகளே. விலை மலைக்க வைக்கும். உடனே போலிகள் கிளம்பின. எஃகுக் காசுக்குத் தாமிர முலாம் பூசினார்கள். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், எடையும் 2.7 கிராம்தான் வரும், உண்மையான வெண்கலமோ 3.11 கிராம். காந்தத்தையும் தராசையும் தாண்ட இன்னொரு கூட்டம் அசல் வெண்கலக் காசான 1948-ஐ எடுத்து, எட்டின் இடது பக்கத்தைச் சீவி மூன்றாக்கியது. அதுவும் மாட்டிக்கொண்டது. 1943-இன் மூன்றுக்கு வால் மற்ற எண்களுக்குக் கீழே நீண்டு இறங்கும். எட்டிலிருந்து செதுக்கிய மூன்றுக்கு அந்த வால் கிடையாது. இருக்கும் உலோகத்தை எடுக்கலாம்; இல்லாத வாலை எங்கிருந்து கொண்டுவருவது?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை, தலைகீழ் உருவம் பதிந்த காசு. அடிபட்ட காசு ஒன்று வெளியேறாமல் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு முகத்தில் அச்சுக்குப் பதில் அந்தக் காசே பதியும். மேடு பள்ளமாகும், இடம் வலமாகும். இந்தியச் சேகரிப்பாளர்கள் இதை 'லாக்கி' என்பார்கள், மேல்நாட்டில் 'புரோக்கேஜ்'. பட்டறை வைஸில் இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து இறுக்கினாலும் இடவலம் மாறிய பள்ள உருவம் கிடைக்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? நிகழ்ச்சிகளின் வரிசையை யோசித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட காசு அச்சு முழுவதையும் மூடியிருந்தால், அந்த முகத்தை அச்சு தொடவே முடியாது. ஆகவே முழு லாக்கியில் அந்த முகத்துக்கு உரிய இயல்பான உருவத்தின் சுவடே இருக்கக் கூடாது. வைஸில் நசுங்கிய காசுக்கோ ஏற்கெனவே ஓர் உருவம் உண்டு. அது நசுங்கித் தட்டையாகியிருக்கும், தாழ்ந்த இடங்களில் மிச்சமும் எட்டிப்பார்க்கும். மறுபக்கத்தையும் திருப்புங்கள். உண்மையான லாக்கியில் மறுமுகம் அச்சின் நேரடி அடி வாங்கியது, கூர்மை இருக்கும். வைஸ் காசின் மறுமுகம் இரும்புத் தாடையில் நசுங்கியது, உயர்ந்த இடங்களெல்லாம் மொண்ணையாகியிருக்கும்.

இவ்வளவும் ஒரே காசில் கூடிவரும் கதை ஒன்று உண்டு. 1913 முதல் 1938 வரை அமெரிக்காவில் ஓடிய 5 சென்ட் காசை ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் என்ற சிற்பி வடிவமைத்தார். ஒரு பக்கம் பூர்வகுடி மனிதரின் முகம், மறுபக்கம் பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமை. 1937-இல் டென்வர் நாணயச்சாலையில் வந்தவற்றில் சில காசுகளில் காட்டெருமைக்கு முன்னங்கால் ஒன்று இல்லை. குளம்பு மட்டும் தரையில் தனியாக நிற்கிறது, கால் இல்லை!

காரணம், தேய்ந்து தழும்பேறிய அச்சைச் சரிசெய்ய ஒருவர் அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார். அச்சின் தளத்தைத் தேய்க்கத் தேய்க்கப் பள்ளங்களின் ஆழம் குறையும். ஆழமான பள்ளங்கள் தாங்கும், ஆழமற்றவை அழிந்துபோகும். காட்டெருமையின் உடல் அச்சில் ஆழமாக இருந்தது, தப்பியது. அந்த முன்னங்கால் மிக மேலோட்டமாக இருந்தது, போய்விட்டது. குளம்பு பிழைத்ததும் இதனால்தான். பின்னங்காலும் மெலிந்து அரித்தாற்போல் இருக்கும்.

மூன்று கால் காசுக்கு விலை ஏறியதும், நான்கு கால் காசுகளில் ஒரு காலைச் சுரண்டி விற்பது தொடங்கியது. லென்ஸில் பார்த்தால் கால் இருந்த இடத்தில் கீறலும் தாழ்வும் தெரியும். திறமைசாலி அதையும் மெருகேற்றி மறைப்பான். ஆனால் அவனால் கடக்க முடியாத ஒரு தடை இருக்கிறது. அசல் காசில், வயிற்றுக்குக் கீழிருந்து தரை வரை, சிறு சிறு புள்ளிகள் ஒரு வரிசையாக மேடாக எழுந்து நிற்கும். அவை அச்சிலிருந்த நுண்குழிகளின் எதிரொலி. சுரண்டுகிறவன் உலோகத்தை எடுக்கத்தான் முடியும்; வெறும் தளத்தில் மேடுகளை எழுப்ப அவனிடம் உலோகம் இல்லை. தவிர, மூன்று கால் காசுகள் எல்லாமே அந்த ஒரே அச்சில் பிறந்தவை என்பதால், ஒரு காசின் புள்ளிகள் இருக்கும் இடமும் இன்னொன்றின் புள்ளிகள் இருக்கும் இடமும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். அச்சுப் பிழை மறுபடி மறுபடி வரும், வெளியில் பட்ட காயம் ஒருமுறைதான் வரும். இரண்டு பேர் கையில், இரண்டு ஊரில், அதே குறை அதே இடத்தில் இருந்தால் அதைவிட வலுவான சான்று வேறு என்ன வேண்டும்?

நாணயச்சாலையில் நேர்ந்தும் மதிப்புப் பெறாத ஒரு வகையும் உண்டு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதைப் பிரித்தறிய, முதலில் மதிப்புள்ள இரட்டை எழுத்தைப் பார்ப்போம். அச்சையே உருவாக்கும்போது உருவத்தை இரண்டு தடவை அழுத்திப் பதிக்கையில் சற்றே விலகிவிட்டால், எழுத்துகள் அச்சிலேயே இரட்டையாகிவிடும். 1955-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் அப்படிப்பட்டது. ஆண்டு எண் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். 20,000-க்கும் மேற்பட்டவை புழக்கத்துக்கு வந்துவிட்டன. இதில் இரண்டு எழுத்துகளும் முழு உயரத்தோடு, உருண்ட மேற்பரப்போடு நிற்கும். அச்சு தளர்ந்து, அடித்தபின் சற்றே வழுக்கினாலும் எழுத்து இரட்டையாகத் தோன்றும். ஆனால் அந்த இரண்டாவது உருவம் எழுத்தின் ஓரம் தட்டையாகச் சீவப்பட்டுப் படி போலத் தாழ்ந்திருப்பதுதான். இது மிகச் சாதாரணம், விலை கிடையாது.

காசைப் பார்த்து மட்டுமல்ல, பேச்சை நம்பியும் ஏமாறுகிறவர்கள் உண்டு. ஆகஸ்ட் 2021-இல் ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கை விட்டது. பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் வாங்கித் தருவதாகச் சொல்லி, வங்கியின் பெயரையே பயன்படுத்தி மக்களிடம் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள், நம்பாதீர்கள் என்றது. 'இந்த ஐந்து ரூபாய் இருந்தால் பல லட்சம்' என்று பரவும் வீடியோக்களை நம்பி, வீட்டுப் பெரியவர்கள் முன்பணம் கட்டி இழப்பது வேதனையான விஷயம். உண்மையாக வாங்குகிறவர் உங்களிடம் முன்பணம் கேட்க மாட்டார். காசைக் கையில் வாங்கிப் பார்க்கவே விரும்புவார்.

அகப்பட்ட காசைப் புளியோ எலுமிச்சையோ பல்பொடியோ போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். உண்டியலில் கிடந்து மஞ்சளும் எண்ணெயும் ஏறியிருந்தாலும் சரி. தேய்த்த மறுகணம், தீர்ப்புக்குத் தேவையான அந்த மேல்தோல் போய்விடும், பிறகு அசல் பிழையைக்கூட அசல் என்று நிரூபிக்க முடியாது. ஓரத்தைப் பிடித்து எடுங்கள். நகைக்கடைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதே மதிப்பு, அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் குறி உள்ள நல்ல காசு ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைத்து, ஒரே விளக்கின் சாய்ந்த வெளிச்சத்தில் இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலில் பழுதுபட்ட இடத்தை, அடுத்து அதன் நேர் எதிர் விளிம்பை, கடைசியாக மறுபக்கத்தை.